குமுதத்தில் எழுதிய ராஜாக்கள்!

ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மொபெட், கைக்கடிகாரம், லாரி, ரோஜாப்பூ. பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வீடு பிடித்து, பாதி ஆயுளை அத்திப்பள்ளி டிராஃபிக்கில் கழிக்கும் நண்பர்கள் ஞாபகம் வரலாம். அதே நெடுஞ்சாலையிலிருந்து ஒரு குன்றும், மேலே கோபுரமும் தெரியுமே, பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி ஏறிப் பாருங்கள் சார்.

மேலே இருப்பவர் சந்திரசூடேஸ்வரர், அம்பாள் மரகதாம்பாள். சிவபெருமான் உடும்பாக உருமாறி ஓட, பார்வதி துரத்திக்கொண்டு வந்த மலை என்பது தலபுராணம். பங்குனித் தேர் அன்று வடம் பிடிக்கும் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மூச்சில் காதில் விழும். ஊர்ப் பெயரே கன்னடம்தான். ‘ஹொஸ ஊரு’ என்றால் புது ஊர். பழைய பெயர் செவிடப்பாடி.

‘இது யார் ஊர்?’ என்று டீக்கடையில் அவ்வப்போது சண்டை நடக்கும். பதில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஹொய்சள மன்னர் சோமேசுவரன் 1254 வாக்கில் ராஜ்ஜியத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பாகம் பிரித்தார். துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு, தமிழ்ப் பகுதி ராமநாதனுக்கு. சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரில் இருந்து ஆண்ட ராமநாதனைப் பாண்டியர்கள் கிளப்பிவிட, அவர் வடக்கே வந்து உட்கார்ந்த இடம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணி. அப்புறம் என்ன, அண்ணன் தம்பி சண்டைதான்! சொத்து விஷயத்தில் ராஜாவும் நம்ம ஆளுதான்.

வேடிக்கை என்னவென்றால், கன்னட வம்சத்தில் வந்த இந்த ராமநாதனின் கல்வெட்டுகள் இந்தப் பக்கம் தமிழில் இருக்கின்றன. கோலார், பெங்களூர்ப் பக்கம்கூடத் தமிழில்! ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவருக்கு முக்கியம்.

‘ஹொய்சளர் காலமா? அப்போ ஹளேபீடு மாதிரி இருக்குமா?’ என்று கேட்காதீர்கள். ஹளேபீடு மாவுக்கல். வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், நகையே செதுக்கலாம். நம்ம பக்கம் கருங்கல். வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்தால்தான் நகரும். ஆகவே இங்கே அலங்காரம் கம்மி, உறுதி ஜாஸ்தி.

பழைய கோயில் எதற்குப் போனாலும், சாமி பார்த்த கையோடு குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காக இருக்கும். கீழே ஜகதி, அதன்மேல் உருண்டையாகவோ பட்டையாகவோ குமுதம், அப்புறம் கண்டம், பட்டிகை. இந்தக் குமுதம் வாரா வாரம் வராது; எண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரே இதழ்தான்! ராஜாக்கள் தானக் கணக்கை எழுதியது பெரும்பாலும் இந்தக் குமுதத்திலும் ஜகதியிலும்தான்.

கணக்கு என்றால் சாதாரணக் கணக்கா? ஒரு நந்தா விளக்கு எரியச் சோழர் காலத்தில் 96 ஆடு கொடுப்பார்கள். தினம் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழடாகாது! அதாவது, செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பாற்று. அசலில் கை வைக்காதே, வட்டியில் விளக்கு எரி. பி.காம். மூன்று வருஷம் படித்ததை மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள்.

கிருஷ்ணகிரி தாண்டி தருமபுரி ரோட்டில் காவேரிப்பட்டணம். அதன் பக்கம், தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரமடம். அங்கே கோயிலைச் சுற்றி நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவனோடு மல்லுக்கு நின்று செத்தவன், புலியைக் குத்தி வீழ்ந்தவன் எனப் பல ரகம், இந்த மாவட்டம் முழுக்க. வயலோரம் ஒரு கல்லைக் காட்டி, “இது யாரு பாட்டி?” என்றேன். “வேடியப்பன் சாமி, கண்ணு. செருப்பைக் கழட்டு” என்றார். ஆராய்ச்சியாளர் நடுகல் என்பார், பாட்டி வேடியப்பன் என்பார். இரண்டு பேருமே சரி.

பாட்டி இருக்கும்வரை அந்தக் கல்லுக்குப் பயமில்லை. மற்ற கல்லுக்கெல்லாம்? கிரானைட் வெட்டும் மாவட்டம் இது. அகலமாகும் சாலை, புது பிளாட். கோயில் கும்பாபிஷேகம் என்றாலும் சுண்ணாம்பு, எனாமல் பெயிண்ட். தமிழ்நாட்டில் பல கோயில்களில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில் அழுக்கோடு எழுத்தும் போயிற்று. பிறகுதான் அரசு தடை போட்டது.

‘நம்ம ஊர்லதான் சார் இப்படி’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நார்வேயில் 12-ஆம் நூற்றாண்டு மர சர்ச்சுகள் உண்டு. ஆரம்பத்தில் தூணை மண்ணில் நட்டார்கள், அடி உளுத்தது. பிறகு கல்லின்மேல் மரச்சட்டம் கிடத்தி, அதன்மேல் தூணை நிறுத்தித் தார் பூசினார்கள், நின்றது. உர்னெஸ் சர்ச்சுக்கு அடியில் தோண்டியபோது, முந்தைய சர்ச்சின் தூண்குழிகளே கிடைத்தன. வேறு சில சர்ச்சுகளில் பலகை இடுக்கில் விழுந்த காசுகள் நூற்றுக்கணக்கில்!

அப்படிப்பட்டவற்றுக்கு 1851-ல் ஒரு சட்டம் வந்தது. ஊர் ஜனத்தில் பத்தில் மூன்று பேருக்காவது சர்ச்சில் இடம் வேண்டுமாம். சின்னதாக இருந்தவை மளமளவென்று இடிபட்டன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று 28. வாங் என்ற ஊரின் சர்ச்சைக் காப்பாற்ற டால் என்கிற ஓவியர் 1841-ல் ஓடியாடி, கடைசியில் பிரஷ்ய மன்னர் பணத்தில் வாங்கிக் கழற்றி அனுப்பினார்கள். இப்போது அது போலந்தில் இருக்கிறது. 1844-ல் அங்கே ஒரு பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. போர்குண்ட் சர்ச்சை 1877-ல் அந்தச் சங்கமே வாங்கியது. இன்று உலகம் பூராவும் போய்ப் பார்க்கிறது.

நாம் கோயிலை விலைக்கு வாங்க வேண்டாம். எழுத்துள்ள கல்லின்மேல் யாராவது பெயிண்ட் டப்பாவோடு போனால், ‘அண்ணே, கொஞ்சம் இருங்க’ என்று சொன்னால் போதும். தோட்டத்தில் புதுக்கல் கிடைத்தால், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே நடுகற்களுக்குத் தனி மரியாதை உண்டு.

கல்வெட்டு முடிவில் வழக்கமாக ஒரு மிரட்டல் வரும். இந்தத் தர்மத்தை அழித்தவன், கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. சுண்ணாம்பு அடிக்கும் அண்ணன் இதைப் படித்திருந்தால் கை நடுங்கியிருக்கும். பாவம், முதலில் அந்த வரியின் மேலேயே அடித்துவிட்டார்!