கரிகிரிச் செருப்புப் பட்டறை

காட்பாடியைத் தாண்டிக் கரிகிரிக்குப் போகும் வழியெல்லாம் பாறையும் முள்ளும் வெயிலும்தான். மருத்துவமனை வளாகத்துக்குள் நுழைந்தால் சட்டென்று காற்றின் சூடு இறங்கிவிடும். வேறு யாருக்கும் வேண்டாத பொட்டல் என்பதால்தான் அந்த நிலம் தொழுநோயாளிகளுக்குக் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1955-இல் வேலூர் சி.எம்.சி.யும் தொழுநோய் மிஷன்களும் சேர்ந்து ஷெஃப்லின் நிலையத்தைத் தொடங்கியபோது ஒதுங்கி நிற்க அங்கே நிழல் கிடையாதாம். சுவிஸ் மிஷனரிகளின் பிள்ளையாக இந்தியாவில் பிறந்த எர்னஸ்ட் ஃபிரிட்ஷி என்ற அறுவை மருத்துவர், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய கையோடு சரிவுக்குக் குறுக்கே வரப்புகளும் போடச்செய்தார். ஓடிக்கொண்டிருந்த மழைத்தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கியது. எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தப் பொட்டல் தோப்பாகிக்கொண்டிருந்தது.

என் அப்பா அங்கே செருப்பு தைத்தார்.

பட்டறைக்குள் போனால் முதலில் வந்து முகத்தில் மோதுவது ரப்பர் சொல்யூஷனின் வாடை. ஒரு மூலையில் தோல் சுருணைகள். இன்னொரு மூலையில் பழைய டயர் துண்டுகள். நடுவில் தட்டுத் தட்டாக அடுக்கிய எம்.சி.ஆர். ஷீட்டுகள். கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெல்ல எழும்பும் நுண்துளை ரப்பர் அது. வெளியே தாழ்வாரத்தில் காலையிலேயே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரில் கால் ஊறவைத்துக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் ஊறிய பிறகு தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவ வேண்டும். அந்த நோய் வியர்வையையும் நிறுத்திவிடுவதால் பாதம் கோடைகால ஏரி மாதிரி வெடித்துப் போகும். வெடிப்பில் அழுக்கு புகுந்தால் புண்; புண் எலும்பைத் தொட்டால் கால் போய்விடும். வலிக்காது என்பதால் புண்ணோடேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

இந்த வலிக்காமைதான் அந்த இடத்தின் மையமான செய்தி. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில், தொழுநோயாளிகள் மூன்று பேர் மலைமேல் வந்து நின்றபோது, பிள்ளைகளை விலகிப் போகச் சொல்லிவிட்டு அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அவர்களுடைய கால்களைக் கழுவி மருந்திட்டதை அவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்று உலகமே நம்பியது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டில் தம்மால் திருப்ப முடியாத சாவியை ஒரு நோயாளிச் சிறுவன் திருப்பித் திறந்ததைப் பார்த்தார். திறந்த விரலில் எலும்பு தெரியும்படி சதை பிய்ந்து ரத்தம் சொட்டியது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லாமல் போனது. காவல் இருந்து பார்த்தால், எலி. அதற்குப் பிறகு அங்கிருந்து வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையும் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இந்தப் பூனைக் கதையை அப்பா எத்தனை முறை சொன்னாலும் நான் கேட்பேன். சதை கெட்டதில்லை, நரம்பு செத்துக் காவல் போய்விட்டது என்பதை எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

காவல் போன காலுக்குக் காவலாக இருப்பதுதான் அப்பாவின் வேலை. அந்தச் செருப்பில் ஆணி கிடையாது. ஒட்டலாம், தைக்கலாம்; ஆணி அடிக்கக் கூடாது. தேய்ந்து மேலே எழும்பும் ஆணியை நாம் ஒரே எட்டில் உணர்வோம், அவர்கள் நாள் முழுக்க அதன்மேல் நடப்பார்கள். அடியில் முள் ஏறாத டயர், உள்ளே எம்.சி.ஆர்., மடங்கிய விரல்களால் செருப்பைப் பிடிக்க முடியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். வார் ஒரு நூல் அளவு இறுகினாலும் அந்த இடத்தில் சிவக்கும், மறுநாள் கொப்புளம். அப்பா காலைத் தம் தொடைமேல் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் பாதம் முழுக்கத் தடவிப் பார்ப்பார். மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும் இடம்தான் அடுத்த புண் வரப்போகும் இடம். அங்கே ரப்பரைக் குடைந்து பள்ளம் வைப்பார்.

நாங்கள் சேரிக்காரர்கள். தோல் வேலை செய்த குடும்பம். கிறிஸ்தவர்கள் ஆன பிறகும் ஊருக்குள் அப்பாவின் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பட்டறைக்கோ எல்லாச் சாதிக்காரர்களும் வந்தார்கள். தம் வீட்டாராலேயே மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளப்பட்ட நிலக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்பா கையை நீட்டினார். அவர் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம்பா. நான் காயிதத்துல கால வெக்கறேன், நீ சும்மா கோடு போட்டுக்க."

"கோடு போட்டா அளவு தெரியும் ஐயா, சூடு தெரியாது. இன்னா இருக்குது, குடுங்க."

அவர் கொடுக்க வெகுநேரமாயிற்று. சாதிக்காகத் தயங்கினாரா, புண் நாற்றத்துக்குக் கூசினாரா? இரண்டும்தான் என்று இன்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபம் முடிந்ததும் அப்பா யோவான் 13-ஆம் அதிகாரத்தை எடுத்தார். இயேசு தண்ணீர்ப் பாத்திரத்தோடு வரும்போது பேதுரு காலைக் காட்ட மறுக்கும் இடம். "பேதுருவத் திட்டாதீங்க, காலக் குடுக்கறதும் கஷ்டந்தான்" என்றார். பிரசங்கங்களில் கழுவுகிறவரின் தாழ்மை பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரின் பக்கம் நின்று அந்த அதிகாரத்தை எனக்குக் காட்டியவர் அப்பா ஒருவர்தான்.

கரிகிரியைப் பற்றி எழுதும் எல்லோரும் தியாகம் என்று எழுதுகிறார்கள். தவறில்லை. வெளிநாட்டில் பெரிய வாழ்வு வாழ்ந்திருக்கக்கூடிய மருத்துவர்கள் அந்த வெயிலில் வந்து உழைத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் எங்கள் ஊழியர்களே பல காலம் பயணம் செய்தார்கள். ஆனால் நான் பார்த்தது இழப்பைவிடக் கவனத்தைத்தான். அந்த வளாகத்தில் அன்பு என்பது சரியாகச் செய்வது. உருக்கமாகப் பேசிக்கொண்டே அளவு தப்பிய செருப்பைக் கொடுத்தால், ஒரு மனிதரின் பாதத்தைக் கொடுத்தவரே கிழித்தது போலாகும். பயனடைகிறவரால் அந்தத் தொடுதலை உணரக்கூட முடியாது. அப்பா கால் மணி நேரம் தடவிப் பார்த்த பாதத்துக்கு அந்தக் கை பட்டதே தெரியாது. அங்கே கைம்மாறு கிடைக்க வழியில்லை. அதனாலேயே அந்த வேலை சுத்தமாக இருந்தது என்று நம்புகிறேன்.

1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. கிருமி மாதக்கணக்கில் அடங்கியது, வார்டுகளில் கட்டில்கள் காலியாயின, புதிதாக விரல் மடங்கி வருபவர்கள் குறைந்தார்கள். எங்களுக்கெல்லாம் அது பெரிய சந்தோஷம். ஆனால் செத்த நரம்பை அந்த மாத்திரை எழுப்புவதில்லை. குணமானவர்களும் ஆயுள் முழுக்க உணர்வில்லாத பாதத்தோடுதான் நடக்க வேண்டும், செருப்பு தேயத் தேயப் புதிது வேண்டும். பட்டறை ஓடிக்கொண்டே இருந்தது.

பயிற்சிக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். தைத்து முடித்த செருப்பை அவர்கள் பெருமையோடு நீட்டும்போது அப்பா வாரைப் பார்க்க மாட்டார், தையலைப் பார்க்க மாட்டார். அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைச் செருப்புக்குள் அழுத்தி, நுனியிலிருந்து குதிகால் வரை ஒவ்வோர் அங்குலமாக இழுப்பார். எங்காவது ஒரு நூல் முடிச்சு இடறினால் நிறுத்தி, "நோ" என்பார். பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார்.