பளபளப்புக்கு அடியில்

செட்டிநாட்டு வீடுகளைக் காண வருவோர் பலரும் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை. சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்ந்த சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் அவை. நாம் காண்பது கடைசி அடுக்கை மட்டுமே. அதைத் தாங்கி நிற்பவை உள்ளே மறைந்துள்ள அடுக்குகள்.

பள்ளத்தூர்வாசியான எனக்கு இவ்வுண்மையை ஒரு கார்ப் பட்டறை வேறு விதமாகக் கற்பித்தது. எங்கள் தெரு இளைஞர் ஒருவர், நம் நாட்டில் 1998-இல் வெளிவந்த சான் ஸ்டார்ம் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கினார். அதற்குப் புதிய பம்பர்களும், பக்கப் பட்டைகளும், பின்னால் இறக்கை போன்றதொரு ஸ்பாய்லரும் பொருத்தி வண்ணம் பூச விரும்பினார். அவருக்குத் துணையாக நானும் சில நாள் பட்டறைக்குச் சென்றேன்.

வண்ணம் அடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு ஆயத்தம் செய்வதோ பல நாள் வேலை. கண்ணாடியிழைப் பாகங்கள் அச்சிலிருந்து வரும்போது மேலே மெழுகு படிந்திருக்கும். அதைத் துடைத்து நீக்காவிட்டால் எந்த வண்ணமும் ஒட்டாது. பிறகு பாகத்தைக் காரில் வைத்துப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் இடைவெளி தெரியும், மற்றோரிடத்தில் இடிக்கும். அராவுவதும் வைத்துப் பார்ப்பதுமாகப் பொழுது கழிகிறது. சரியாகப் பொருந்திய பின்னரே திருகாணியும் பசையும். அதன்பின் பட்டி பார்த்து, 80-ஆம் எண் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, 400, 800 என்று நுண்ணிய தாள்வரை தேய்க்கிறார்கள். கண்ணுக்குத் தப்பிய மேடுபள்ளத்தை உள்ளங்கை கண்டுபிடித்துவிடுகிறது.

அந்த உப்புத்தாளுக்கும் எங்கள் ஊருக்கும் உறவு உண்டு. பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்டு, 1900-இல் பர்மாவில் வட்டித் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார், 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு இணைந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தை நிறுவினர். சாணைக் கற்களும் உப்புத்தாளும் அதன் முதன்மைப் பொருள்கள். ஆக, மெருகேற்றும் கலை எங்கள் மண்ணுக்குப் புதிதன்று.

ஆனால் வண்ணம் பூசிய நாளன்று என் பெருமிதம் அடங்கிற்று. பூசியவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மூக்கின்மேல் ஒரு கைக்குட்டை, அவ்வளவே.

“தம்பி, முகக்கவசம் கிடையாதா?” என்றேன்.

“பழகிப்போச்சு ஐயா. ராத்திரியிலதான் கொஞ்சம் இழுக்கும்” என்றார்.

இது பழகிப்போகும் பொருளன்று. காருக்கு இன்று பூசும் இருகலவை வண்ணத்தின் கெட்டிப்படுத்தும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அதன் புகைத்துளிகளைச் சுவாசித்து வந்தால் ஆஸ்துமா உண்டாகலாம். ஒருமுறை உடல் அதை ஒவ்வாமையாக ஏற்றுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சை முட்டச் செய்யும். இரவில் வரும் இருமலும் இழுப்பும் அதன் அடையாளமாக இருக்கலாம். கைக்குட்டையோ தூசிக் கவசமோ இதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமே தக்க காப்பு.

காரின் உருவத்தைப் பற்றிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்கள் கூடாதென்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறம் மாறினால் பதிவுச் சான்றிதழில் குறிக்க வேண்டும். ஆகவே எந்தப் பாகத்தைப் பொருத்துமுன்னும் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம். பளபளப்பைப் பற்றிக் கேட்க வாடிக்கையாளர் இருக்கிறார். பூசுபவரின் மூச்சைப் பற்றிப் பட்டறை வாசலில் கேட்பவர் யார்?

அந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். கடைசிப் பூச்சை ஒரு வாரம் தள்ளிவைத்து, குழாய்க் கவசத்தின் செலவில் பாதியைத் தாம் ஏற்பதாகப் பட்டறைக்காரரிடம் கூறினார். மீதிப் பாதியை அவர் ஏற்றார். நெஞ்சக மருத்துவரைப் பார்க்கவும் அந்தத் தம்பி இசைந்தார்.

உழைப்பவரின் மாண்பைப் பற்றி நாம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். காரோ, கட்டிலோ, கதவோ, வண்ணம் பூசக் கொடுக்கும்போது விலையோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: “பூசுபவருக்குக் கவசம் இருக்கிறதா?” அதற்காகச் சில நூறு ரூபாய் கூடினால், முகம் சுளிக்காமல் கொடுப்போம்.