பரம்புப் பலகையின் பேரன்

உழுத நிலத்தை உழுதபடியே விட்டுவிட்டு நாற்று நடுவார் எவருமில்லை. ஏர் புரட்டிப் போட்ட கட்டிகளை உடைத்து, மேட்டை அறுத்துப் பள்ளத்தில் இட்டு, வரப்புக்கு வரப்பு நீர் ஒரே மட்டமாக நிற்கும்படி செய்த பிறகே நடவு நடக்கும். அந்த வேலையைச் செய்வது பரம்பு. இரண்டு மாடுகள் இழுக்க, மேலே ஒருவர் ஏறி நிற்க, சேற்றின்மேல் சறுக்கிச் செல்லும் ஒரு பலகை, அவ்வளவுதான். ஏரைப் பாடிய புலவர்கள் பலர். பரம்பைப் பாடியவர்கள் அரியர். அது செய்து முடித்த வேலை கண்ணுக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஸர்பு நடத்தும்போது 'ஸவ்வா' என்னும் வினையைப் பற்றிச் சற்று நின்று பேசுவது என் வழக்கம். ஸீன், வாவ், யா என்னும் மூன்றெழுத்தில் பிறந்த சொல். சமன் செய்தல், ஒழுங்குபடுத்தல், குறைவற அமைத்தல் எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. தொழுகைக்கு முன் வரிசையை நேராக்கிக்கொள்ளும்படி இமாம் சொல்லும்போதும் இச்சொல்லையே ஆளுகிறார். நிலத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல் பொருந்துவதை எண்ணிப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறுவேன். ஆனால் நிலத்தைச் சமன் செய்வது எத்தகைய கலை என்பதை ஏட்டிலன்றி ஒரு பழைய இயந்திரத்தின் அருகில் நின்று அறியும் வாய்ப்பு எனக்கு அண்மையில்தான் கிடைத்தது.

எங்கள் முஹல்லாவில் அறுபதைக் கடந்த ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சவூதி அரேபியாவில் சாலை போடும் பணியில் கிரேடர் ஓட்டியவர். ஊர் திரும்பியவர் எல்லாரையும்போல் கடை வைக்கவில்லை; காணி வாங்கவில்லை. சாலைக் குத்தகைக்காரர் ஒருவர் நகருக்கு வெளியே முள்மரங்களுக்கிடையில் கைவிட்டிருந்த ஒரு பழைய கிரேடரை இரும்பு விலைக்கு வாங்கி, வேடசந்தூர்ச் சாலையில் ஒரு கொட்டகை போட்டு நிறுத்திக்கொண்டார். 10 டன்னுக்குக் குறையாத இரும்பு அது. என்ஜின் இறுகிப் போயிருந்தது. டயர்கள் வெடித்திருந்தன. ஓட்டுநர் இருக்கையில் குளவி கூடு கட்டியிருந்தது.

அவருடைய மகன் என்னிடம் ஓதியவர். இப்போது நகரில் மின்மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் கடை நடத்துகிறார். ஒருநாள் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். "ஹஜரத், அத்தாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். தங்கச்சிக்கு வருகிற ஆண்டு நிக்காஹ் வைத்திருக்கிறோம். அத்தா கையிலுள்ளதையெல்லாம் அந்த இரும்பில் போட்டுக்கொண்டிருக்கிறார். காயலான் கடையில் நல்ல விலை கேட்கிறார்கள்" என்றார். காயல்பட்டினத்தாரின் வணிகத்திலிருந்து பிறந்த பெயர் என்று சொல்லப்படும் அந்தக் கடையைத் தமிழகத்தில் அறியாதவர் யார்? அங்கே போன பொருள் மறுபடி அதே பொருளாகத் திரும்புவதில்லை.

மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே தகப்பனார் பக்கத்தையும் கேட்டறிவதென்று கொட்டகைக்குச் சென்றேன்.

அவர் இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஸலாம் சொன்னார். வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப்பற்றி ஒன்றும் கேளாமல், "ஹஜரத், இதன் பிளேடு எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். புல்டோசருக்கு அலகு முன்னால் இருக்கும். இதற்கோ முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே தொங்கியது. "இந்த வண்டியின் மந்திரம் அதில்தான் இருக்கிறது" என்று தொடங்கி அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன்.

முன்னால் அலகுள்ள வண்டி ஒரு மேட்டில் ஏறினால் அலகும் கூடவே ஏறிவிடும். மேடு மேடாகவே நின்றுவிடும். கிரேடரோ நெடிய உடல் கொண்டது. முன் அச்சு ஒரு சாண் உயர்ந்தால் நடுவிலுள்ள அலகு ஏறத்தாழ அரைச் சாணே உயரும். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள். ஒன்று ஏறும்போது மற்றது தரையில் நிற்கும்படி ஊஞ்சல்போல் பிணைக்கப்பட்டிருப்பதால், அங்கும் மேட்டின் தாக்கம் பாதியாகக் குறைகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் நிலத்தின் குறை இப்படிக் குறைந்துகொண்டே வரும். அலகு சாய்ந்து மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கும்போது வண்டியும் பக்கவாட்டில் தள்ளப்படும் அல்லவா? அதை எதிர்த்து நிற்க முன்சக்கரங்கள் காற்றுக்கு எதிரே சாய்ந்து நடப்பவனைப்போல் சாய்ந்துகொள்ளும். அமெரிக்கரான ஜோசப் ஆடம்ஸ் என்பவர் 1885இல் குதிரை இழுக்கும் சமன்கருவிக்கு இத்தகைய சாயும் சக்கரத்தை அமைத்தார். குதிரை போய் டிராக்டர் வந்தது. ரஸ்ஸல் என்னும் நிறுவனம் டிராக்டரையும் சமன்கருவியையும் ஒன்றாக இணைத்தது. அந்நிறுவனத்தை 1928இல் வாங்கிய கேட்டர்பில்லர், 1931இல் ரப்பர்ச் சக்கரங்களில் தானே ஓடும் கிரேடரை வெளியிட்டது. நம் நாட்டில் 1964இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸும் கிரேடர்களைச் செய்துவருகிறது. ஆக, பரம்புப் பலகைக்குப் பிறந்த பிள்ளைகளுள் இது படித்துப் பட்டம் பெற்ற பேரன் என்று கொள்ளலாம்.

பிறகு அவர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஒரு டிராக்டர் இழுவைச் சங்கம். ஆந்திரத்தில் ஒங்கோல் காளைகளைப் பூட்டிப் பாறைக்கல்லை இழுக்க வைக்கிறார்களே, அதைப்போன்ற போட்டியிலிருந்து வளர்ந்தது இது. முதலில் குதிரைகளைக் கொண்டு நடத்தினார்கள். 1929இல் ஒஹாயோவின் வாகன்ஸ்வில், மிசௌரியின் பௌலிங் கிரீன் ஆகிய ஊர்களில் மோட்டார் டிராக்டர்கள் இறங்கின. 1969இல் பல மாநிலத்தார் கூடி, தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டு பொது விதிகளை வகுத்தனர். டிராக்டரின் பின்னே ஒரு பெரிய சறுக்கு வண்டி பூட்டப்படும். அது நகர நகர, அதன்மேலுள்ள எடைப்பெட்டி பின்னிருந்து முன்னோக்கி ஏறி வந்து அழுத்தும். இழுவை கனத்துக்கொண்டே போகும். 300 அடி இழுத்தவர் முழு இழுப்பு இழுத்தவராவார்.

புகையும் உறுமலுமாக இருந்த அக்காட்சியில் அவர் எனக்குக் காட்ட விரும்பியது டிராக்டரை அன்று. ஒருவர் இழுத்து முடித்ததும் சக்கரங்கள் தோண்டிய குழிகளை மூடித் தடத்தை மட்டம் செய்ய ஓரமாக வந்த ஒரு பழைய கிரேடரைத்தான். "பாருங்கள் ஹஜரத், இதுவும் என் வண்டியின் வயதுதான். அங்கே சிறிய சங்கத்தார் இப்படிப் பழையதை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்கிறார்கள். புதியது வாங்க அவர்களாலும் முடியாது" என்றார். தடம் ஒருவனுக்கு இறுகியும் அடுத்தவனுக்கு இளகியும் இருக்குமானால், யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது? கூட்டம் கைதட்டுவது இழுத்தவனுக்கு. ஆனால் அந்த வெற்றிக்குச் சாட்சி சொல்வது சமன் செய்யப்பட்ட மண்.

நம் பஞ்சாபிலும் டிராக்டர்களை மோதவிடுவதுண்டு. 'தோச்சன்' என்பது அதன் பெயர். இரண்டு டிராக்டர்களைப் பின்னோடு பின் கட்டி ஒன்றையொன்று இழுக்க வைப்பார்கள். அளந்த எடையை அளந்த தடத்தில் இழுப்பது வேறு. எதிரியையே இழுத்துச் சாய்க்க முனைவது வேறு. டிராக்டரை வைத்துச் சாகசம் செய்யும் மோகம் அங்கே வளர்ந்து, 2023இல் ஒரு விழாவில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். டிராக்டர் சாகசங்களை அம்மாநில அரசு தடை செய்தது. வலிமைக்கு முன்னால் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திண்டுக்கல் சமவெளியில் இழுவைச் சங்கம் ஏதுமில்லை. அவருக்கும் அந்த ஆசை இல்லை. சிறுமலைக்கு வடக்கே பரந்து கிடக்கும் செம்மண்ணிலும் சரளையிலும் மழைக்காலத்தில் அரித்துப் போகும் வண்டிப்பாதைகள், குண்டும் குழியுமான பள்ளி மைதானங்கள், களங்கள், திடல்கள் எத்தனையோ உண்டு. பெரிய குத்தகைக்காரர் இவற்றுக்காகத் தம் கிரேடரை அனுப்பமாட்டார். அந்தச் சிறிய வேலைகளே தமக்குப் போதும் என்பது அவர் கணக்கு.

அதற்கு இயந்திரம் முதலில் உயிர்பெற வேண்டுமே! இறுகிய என்ஜினுக்குள் டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பல நாட்கள் ஊறவைத்து, கடப்பாரையால் சக்கரத்தை விரற்கடை விரற்கடையாக அசைத்து விடுவித்தாராம். "அவசரப்பட்டு முறுக்கினால் உடைந்துவிடும், பொறுத்தால் தானாகவே விட்டுக்கொடுக்கும்" என்றார். ஹைட்ராலிக் தண்டுகளின் சீல்கள் மாற்றப்பட்டன. அலகைச் சுழற்றும் பெரிய பல்வளையத்தைத் தாங்கும் தகடுகள் தேய்ந்திருந்தன. அவற்றின் இடைவெளி ஒரு நூல் கூடினாலும் அலகு நடுங்கி, தரை வாரிவாரியாக வந்துவிடும். லேத்துப் பட்டறையில் வெட்டி வாங்கிய தகடுகளை இறுதியாக அரம் கொண்டு இழைத்துப் பொருத்தியவர் யார் தெரியுமா? நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி ஒருவர்!

ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர் துணையோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்ததை வரலாறு சொல்லும். இரும்பைப் பழக்கிய ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகள் அருகிவிட்டன. அந்த முதியவரின் பட்டறையிலும் வேலை குறைந்துவிட்டது. வேலை குறைந்தாலும் கை மறக்கவில்லை.

வாசகர்களே, இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் மதரஸாக்களில் ஓர் ஆசிரியர் தம் மாணவருக்கு ஒரு கிதாபை ஓதிக்கொடுக்கும்போது ஏட்டை மட்டும் கொடுப்பதில்லை. தாம் யாரிடம் ஓதினோம், அவர் யாரிடம் ஓதினார் என்னும் ஸனதையும் சேர்த்தே கொடுக்கிறார். ஏடு அழிந்தாலும் மறுபடி எழுதலாம். சங்கிலி அறுந்தால் கோப்பதற்கு ஆளில்லை. கைத்தொழிலும் அப்படித்தான். கிரேடரின் கையேட்டை எங்கிருந்தும் பெறலாம். அலகு எந்தக் கோணத்தில் நின்றால் செம்மண் சுருண்டு விழும், எந்த ஓசை வந்தால் தூக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டில் இருக்கிறது? அது அவர் கையில் இருக்கிறது. வண்டி காயலான் கடைக்குப் போனால் அந்தக் கை அறிந்ததும் கூடவே போய்விடும்.

அதற்காக ஒரு பெண்ணின் நிக்காஹ் காத்துக்கிடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றவர்மீது உள்ள கடமைகளில் அது முந்தியது. ஆகவே தந்தையையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். நிக்காஹுக்கான தொகை இன்றே மகள் பெயரில் ஒதுக்கப்பட வேண்டும்; அதை எதன்பொருட்டும் தொடலாகாது. வண்டி தன் டீசலையும் செலவையும் தானே ஈட்டுகிறதா என்று வருகிற ஐப்பசி மழை வரை பார்க்க வேண்டும். வரவும் செலவும் எழுதப்பட வேண்டும். ஈட்டவில்லையானால் விற்றுவிடலாம், ஆயினும் உடைப்பவருக்கு அல்லாமல் ஓட்டுபவருக்கே விற்க வேண்டும். இம்மூன்றையும் இருவரும் ஒப்புக்கொண்டனர். நான்காவதாக, வாரம் ஒருநாள் மகன் கொட்டகைக்கு வந்து பிளேடு பிடிக்கப் பழக வேண்டும் என்றேன். தகப்பனார் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். "பார்க்கலாம் ஹஜரத்" என்றார்.

முதல் வேலையாக எங்கள் ஈத்காஹ் திடலே வாய்த்தது. ஆண்டுதோறும் மழைநீர் அறுத்து, நடுவில் வாய்க்கால்போல் ஒரு பள்ளம். முதியவர்கள் அங்கே ஸஃப்பில் நிற்கத் தடுமாறுவார்கள். அவர் முதல் ஓட்டத்தில் மேட்டைச் சீவினார். இரண்டாம் ஓட்டத்தில் சீவிய மண்ணைப் பள்ளத்துக்குக் கொண்டுபோனார். மூன்றாம் ஓட்டத்தில் அலகைத் தரையில் தொட்டும் தொடாமலும் நடத்தினார். முடிந்ததும் இறங்கிவந்து, "முழுக்கத் தட்டையாக விடவில்லை ஹஜரத். கிழக்கே கொஞ்சம் வாட்டம் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் தண்ணீர் நிற்கும்" என்றார். சமன் என்பது எல்லாவற்றையும் தட்டையாக்குவதன்று; ஒவ்வொன்றும் தனக்குரிய நிலையில் நிற்கச் செய்வது என்று அகராதியில் படித்ததை அன்று மண்ணில் கண்டேன்.

பெருநாளன்று மக்கள் வந்தார்கள், பாய்களை விரித்தார்கள், வரிசைகள் நேராக நின்றன. தரையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசாதிருந்ததில் அவருக்கு வருத்தமுமில்லை.

இதை எழுதும் நாளில் ஒரு ஹைட்ராலிக் தண்டில் இன்னும் எண்ணெய் கசிகிறது. கணக்குப் புத்தகத்தில் மூன்று வேலைகள் ஏறியிருக்கின்றன. மகன் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மாலை நேரத்தில் கொட்டகைக்கு வந்து போனதாகக் கேள்வி. நம் ஒவ்வொரு வீட்டிலும் கடல் கடந்து உழைத்துத் திரும்பிய ஒருவர் இருக்கிறார். அவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்த்தோம். அவர் கை கற்றுவந்ததைக் கேட்டோமா? அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அவர் அருகில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.