பெஞ்சில் படுத்தவனுக்குத் தெரிவது கூரை மட்டும்தான்



உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஊர் ஜிம்மில் கால் வைக்க இடமிருக்காது. மூன்று மாதத்தில் நெஞ்சு வர வேண்டும் என்று வருகிற தம்பிமார் முதல் நாளே போய்ப் படுப்பது பெஞ்ச் பிரஸ்ஸில்தான். அதில் பலர் என்னிடம் படித்த பிள்ளைகள். அங்கே வாய் திறந்தால் "சேர் இங்கயும் பாடம் எடுக்கிறார்" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நின்று செய்யும் பயிற்சிகளைக் கண்ணாடி பார்த்துத் திருத்தலாம். மல்லாக்கப் படுத்தவனுக்குத் தெரிவது கூரையும் மின்விசிறியும்தான். முழங்கை எவ்வளவு விரிகிறது, பார் சாய்ந்து ஏறுகிறதா என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். எனது இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் பிந்தி ஏறும். அதை ஒரு காக்கா பார்த்துச் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அந்தக் காக்கா யார் படுத்தாலும் முதலில் பார்ப்பது எடையை இல்லை, பெருவிரலை. பெருவிரலைச் சுற்றாமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிப்பது இப்போது ஒரு ஸ்டைல். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'சூசைட் கிரிப்'. வியர்த்த உள்ளங்கையில் பார் உருண்டால் விழுவது நெஞ்சில், இல்லாவிட்டால் கழுத்தில். வெறும் ஒலிம்பிக் பார் மட்டும் 20 கிலோ. பக்கத்துக்கு ஒரு 20 போட்டால் 60. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் போட்டிகளிலேயே பெருவிரலைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி.

மற்றவை சுருக்கமாக: முதுகிலுள்ள இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றையொன்று தொடுவது போல பின்னுக்கு இழுத்து, பெஞ்சோடு அழுத்திக்கொள்ளுங்கள். பாதம் தரையில், இடுப்பு பெஞ்சில். மணிக்கட்டு பின்னால் மடங்காமல், பார் உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். முழங்கை உடம்போடு ஒட்டவும் வேண்டாம், சிலுவை போல விரியவும் வேண்டாம்; 45 முதல் 70 பாகைக்குள் பலருக்குச் சரிவரும். பார் வந்து தொட வேண்டியது நெஞ்சின் கீழ்ப்பகுதி. தொட்டதும் துள்ள விடாதீர்கள்.

மூத்தவர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. "கையை நல்லா விரி, அப்பத்தான் நெஞ்சுக்கு ஏறும்" என்று 90 பாகைக்கு விரிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தோள் மூட்டைப் படுத்தும். "ஏன் காக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். காரணம் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். புஜத்தின் பருமனைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து வருடம் தூக்கியும் தோள் நோவில்லாமல் இருக்கிறாரே, அவரிடம் போங்கள். பெரும்பாலும் அவர் எடையைக் குறைக்கத்தான் சொல்வார், அதுதான் நம் பொடியன்மாருக்குக் கசக்கிறது.

மூத்தவர்களுக்கும் ஒரு சொல். பார் நெஞ்சில் இருக்கும்போது கத்தாதீர்கள். கூட்டாளிமார் முன்னால் சிரித்துச் சொன்னால் அடுத்த நாள் அந்தத் தம்பி இயர்போனை மாட்டிக்கொண்டு வருவான், பிறகு யார் சொல்வதும் காதில் விழாது. நஸீஹத்தைத் தனியாகச் சொல்லத்தானே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்? ஜிம்முக்கும் அது பொருந்தும். இன்னொன்று, தலைமாட்டில் நின்று பாரைப் பாதி நீங்களே இழுத்துவிட்டு "எல்லாம் நீதான், எல்லாம் நீதான்" என்று உற்சாகப்படுத்த வேண்டாம். அவன் அதை நம்பி மறுநாள் தனியாகப் படுப்பான்.

தனியாகப் படுப்பதென்றால், சுபஹுக்குப் பிறகு ஆளில்லாத நேரத்தில் வருபவர்கள் கவனியுங்கள்: பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மட்டும் பாரின் நுனியில் லொக் போடாதீர்கள். பார் நெஞ்சில் சிக்கினால் ஒரு பக்கம் சரித்து பிளேட்டை விழ விடலாம். அது கழன்றதும் மறுபக்கமும் வேகமாகச் சரியும், பாரைக் கையால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய சத்தம் வரும், ஜிம் முதலாளி ஏசுவார். ஏசட்டும்.