எண்ணெயின் ஊற்றுக்கண்

ரிஷி மூலமும் நதி மூலமும் விசாரிக்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட நியாயம் ஒன்று இருந்திருக்கும். ஆனால் மோட்டார் வாகனங்களைப் பழுது பார்த்து ஜீவனம் நடத்துகிற எங்கள் தொழிலில், மூலத்தை விசாரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தவன் ஒரு காரியத்தையும் நிலைக்கச் செய்ததாக நான் கண்டதில்லை. அதிலும், என்ஜினுக்கு அடியில் சொட்டுகிற எண்ணெய் எந்த இடத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்று கண்டுபிடிப்பதைப் போல மனிதனுடைய நிதானத்தை அளந்து பார்க்கிற வேலை எங்கள் தொழிலில் வேறொன்றும் இல்லை.

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் என்னுடைய ஷெட் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆர்.வி. ரோட்டிலிருந்து இவ்விடம் வரையில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டு, தலைக்கு மேலே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், கீழே சரக்கு ஆட்டோக்களும், கம்பெனிக் கார்களும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி விடியுமுன் ஓடிவரும் காய்கறி, பூ வண்டிகளும் குறைந்தபாடில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று நான்கு பாஷைகளும் என் ஷெட்டில் புழங்குகின்றன. ஆயினும் எந்தப் பாஷைக்காரர் வந்தாலும் இந்த உபாதையை மட்டும் ‘ஆயில் லீக்’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்லுகிறார்.

ஒரு சொட்டுத்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கை நான் சொல்லிக் காட்டுவதுண்டு. ஏறக்குறைய 20 சொட்டுக்கள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். வண்டி 50 மீட்டருக்கு ஒரு சொட்டு வீதம் சிந்திக்கொண்டு போகிறதென்றால், 1,000 கிலோமீட்டரில் 20,000 சொட்டுக்கள், அதாவது ஒரு லிட்டர் எண்ணெய் சாலையோடு போய்விட்டது. மூன்று லிட்டர் அளவே எண்ணெய் கொள்ளுகிற ஒரு சின்ன மாருதி என்ஜினுக்கு அது மூன்றில் ஒரு பங்கு. எண்ணெய் குறைந்ததைச் சிவப்பு விளக்கு எரிந்து காட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. எண்ணெயின் அழுத்தம் வீழ்ந்துவிட்டது என்று சொல்வது. அது எரியும் நேரத்தில் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கியிருக்கும். அன்றியும், சூடான புகைக்குழாயின் மேல் சொட்டினால் தீப்பற்றும் அபாயமுண்டு. தெருவில் விழுந்த மிச்சமோ முதல் மழைக்குச் சாக்கடை வழியாக ஏரிக்குப் போய்ச் சேருகிறது.

இந்த வித்தையின் முதற்பாடத்தை நான் கற்றது பெங்களூர் ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில், சிறு பையனாகப் பனியன் வேஸ்டை வைத்துக்கொண்டு ஸ்பேனர் துடைத்த காலத்தில். என் உஸ்தாத் அதிகம் பேசாதவர். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் அப்போது எங்கள் ஷெட்டுக்கு அன்றாடம் வரும் வண்டி. அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டியுள்ள திருகு வரியே, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும் ஏற்பாடு அது. ஆகையால், பின்புறத்தில் எண்ணெய் தெரிந்தவுடனே ‘அம்பாஸிடர் என்றால் ஒழுகத்தான் செய்யும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போவது ஊர் வழக்கமாக இருந்தது. என் உஸ்தாத் மட்டும் அப்படி எழுந்து போகமாட்டார். என்ஜினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குக் கீழே கண்ணுக்கு எளிதில் அகப்படாமல் ஒளிந்திருக்கும் டேப்பெட் மூடிகளின் கார்க் பேக்கிங்கை முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். முன்மூடியில் கசிந்த எண்ணெய் காற்றின் வேகத்தால் பிளாக்கின் ஓரமாகவே பின்னுக்கு ஓடி, கிளட்ச் கூட்டின் அடியில் வந்து சொட்டும். பழி பின்முனைக்குப் போகும். “சொட்டுற இடத்தைப் பார்க்காதே பேட்டா, ஊறுற இடத்தைப் பாரு” என்று அவர் ஒருநாள் சொன்ன வாக்கியத்துக்கு மேல், இத்தனை வருஷங்களில் நான் கூட்டிச் சொல்ல வேண்டியது சொற்பமே.

தரையில் கிடப்பது என்ஜின் ஆயில்தானா என்பதே முதற்கேள்வி. ஏ.சி. ஓடினால் வெறும் தண்ணீர் சொட்டும். அதற்கு நிறமுமில்லை, பிசுக்குமில்லை. ரேடியேட்டர் கூலன்ட்டுக்கு நிறமும் ஒருவித இனிப்பு வாடையும் உண்டு. பவர் ஸ்டீயரிங் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. கியர் ஆயிலை அதன் கந்தக நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் ஆயில் மெல்லியது, பெயின்ட்டைத் தின்பது; அதைக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால், காலையில் அதுவே சாட்சி சொல்லும்.

எண்ணெய் ஏன் நம்மை இப்படி ஏமாற்றுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால் அதன் பிரயாணத்தின் சூட்சுமம் விளங்கும். கசிந்த எண்ணெய், பூமியின் இழுப்பால் கீழே இறங்குகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றாலும் ரேடியேட்டர் விசிறியாலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பெல்ட்டின் மேலோ புல்லியின் மேலோ விழுந்துவிட்டால், சுழற்றி வீசப்பட்டு நாலாபக்கமும் அப்பிக்கொள்ளுகிறது. போதாக்குறைக்கு இந்தத் தொழிற்பேட்டைப் புழுதியும் அதன் மேல் படிந்து, பழைய கசிவும் புதிய கசிவும் ஒன்றாகக் குழம்பி, என்ஜின் முழுவதும் ஒரு கருஞ்சேறாகிவிடுகிறது. இந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு எவன் எதைச் சொன்னாலும் அது ஊகமே தவிர அறிவாகாது. மலையிலே புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது தர்க்க சாஸ்திரத்தில் சரியான பிரமாணம். ஆனால் எங்கள் மலையில் புகை ஓரிடத்திலும் நெருப்பு வேறோரிடத்திலும் இருப்பதால், பிரத்தியட்சத்தைத் தவிர வேறெதையும் நம்புவதற்கில்லை.

ஆகையால் நான் முதலில் செய்வது கழுவுவது. ஆற வைத்த என்ஜினின் மின்சார இணைப்புக்களைப் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயோ டீஸலோ தொட்ட பிரஷ்ஷினால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூலையையும் தேய்த்துத் துடைத்து, காற்றடித்து உலர்த்தி, உலோகத்தின் இயல்பான நிறம் தெரியும் வரையில் விடுவதில்லை. பிறகு சந்தேகப்படும் இடங்களின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுகிறேன். என்ஜின் ஓடிச் சூடேறி, எண்ணெய் இளகி ஓடத் தொடங்கியதும், வெண்மையின் நடுவே ஒரு கருங்கோடு பிறக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகப் பின்பற்றிப் போனால், அதற்கு மேல் ஈரமே இல்லாத ஓர் இடம் வரும், அதுவே ஊற்றுக்கண். இக்காலத்தில் எண்ணெயோடு சாயம் கலந்து ஓடவிட்டு, புறஊதா விளக்கை அடித்துப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. மறைவிடங்களுக்கு அது மிகவும் உபகாரமானது. எந்த முறையானாலும், கழுவிய பின் காத்திருப்பதற்கு மாற்று கிடையாது. சில கசிவுகள் பத்து நிமிஷத்தில் முகம் காட்டும். சில, 100 கிலோமீட்டர் ஓடித் திரும்பிய பிறகே காட்டும்.

இதற்கு உதாரணமாக ஒரு பூ வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரோஜாப் பூக்களை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போகும் பழைய மாருதி ஆம்னி அது. அதன் சொந்தக்காரர் ஒருநாள் திரும்புகாலில் என் ஷெட்டில் நிறுத்தி, “அண்ணா, ரெண்டு வாட்டி பாக்ஸ் இறக்கிப் பின்சீல் மாத்தியாச்சு. இன்னும் ரோட்டுல புள்ளி வெச்சுக்கிட்டே போவுது. இதுக்கு மேல செலவு பண்ண என்னால முடியாதுண்ணா” என்றார். கியர் பாக்ஸை இறக்குவது என்றால் அவருக்கு ஒருநாள் பிழைப்பு போயிற்று என்று அர்த்தம். பூவுக்கு மறுநாள் என்பது கிடையாது. இரண்டு முறை அவ்வாறு இழந்த மனிதருடைய முகத்தைப் பார்த்த பிறகு, மூன்றாம் முறை அந்தப் பாக்ஸை இறக்குவதற்கு முன் என் கண்ணுக்கு நிச்சயமான சாட்சி வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்களுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, கழுவி, பவுடர் தூவி, அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வரையில் ஓட்டிப் போய்த் திரும்பினேன். கிளட்ச் கூட்டின் அடிப்பாகத்தில் முன்போலவே ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கூட்டின் பின்பக்கத்து மேல்முகத்தில், பவுடரைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு கோடும் தெரிந்தது. டார்ச் விளக்கோடு அதைத் தொடர்ந்து மேலே போனேன். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேம் தண்டினால் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்துகிற இடத்தில் போய் அது நின்றது. அங்கேயுள்ள ஓ-ரிங் சூட்டில் வெந்து, ரப்பரின் குணம் மாறி, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக்கைப் போல ஒடிந்தது. இரண்டு முறை மாற்றப்பட்ட பின்சீல் ஒரு பாவமும் அறியாதது.

அதை மாற்றி அவரை அனுப்பியிருக்கலாம். கசிவும் அன்றைக்கு நின்றிருக்கும். ஆனால் இயற்கையாக வயதாகி மரத்த ரப்பர் ஒன்று, உள்ளிருந்து தள்ளுவதால் தோற்றுப்போன ரப்பர் ஒன்று என்று இரண்டு வகை உண்டென்பதை அனுபவம் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. பிஸ்டன் ரிங்குகளை மீறிச் சிறிதளவு வாயு எந்த என்ஜினிலும் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கென்றே பிரீதர் குழாய் வைக்கப்பட்டிருக்கிறது. முற்காலத்து என்ஜின்களில் அது சாலையைப் பார்த்துத் திறந்திருந்தது. 1960-களிலிருந்து படிப்படியாக, அவ்வாயுவை மறுபடி என்ஜினே உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. அந்த வழி அடைபட்டால், உள்ளே சேருகிற அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அதைத் தேடிப் பிடித்துத் தள்ளும். சீல் என்பது தெறிக்கிற எண்ணெயைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதேயன்றி, பின்னாலிருந்து காற்று உந்தும்போது எதிர்த்து நிற்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

என்ஜினை மெல்ல ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அவர் பூக்கட்டுக்குச் சுற்றி வைத்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை அந்த வாயின் மேல் வைத்தேன். உறிஞ்சப்பட்டு ஒட்ட வேண்டிய தாள், மூச்சுவிடும் வயிறு போல மேலே உப்பி உப்பி எழுந்தது. பிரீதர் ஹோஸ் வெளிப்பார்வைக்குப் புதிதாகவே இருந்தது. கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. எப்போதோ யாரோ, எண்ணெயைத் தாங்கும் ஹோஸுக்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். எண்ணெய் ஆவியில் ஊறி ஊறி உட்சுவர் வீங்கி, ஒரு தீக்குச்சி நுழையும் துவாரமே மிஞ்சியிருந்தது. சரியான ஹோஸையும் ஓ-ரிங்கையும் மாட்டி, மறுபடி அதே பிளாஸ்டிக் தாளை வைத்தபோது, அது வாயோடு ஒட்டிக்கொண்டது. சில ரூபாய்ச் சாமான் இரண்டு; அரைநாள் வேலை. ஒரு மாதம் கழித்து, மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில் அவர் வண்டியை நிறுத்தி, அடியில் குனிந்து பார்க்கும்படி என்னையே கூப்பிட்டுக் காட்டினார். உலர்ந்திருந்தது.

இந்தச் சம்பவத்தில் என்னுடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை; உஸ்தாத் காட்டிய வழியில் நான் அவசரப்படாமல் நடந்தேன், அவ்வளவே. முன்பு வேலை செய்தவர் கைத்திறனில் குறைந்தவரும் அல்லர். அவர் போட்ட சீல் கசியவே இல்லை. செய்த வேலை சரி, செய்த இடம் பிசகு. திறமையை இடமறிந்து செலுத்துவதற்குரிய அந்த அரைமணி நேரத்துக் கழுவலையும் காத்திருப்பையும் கூலியில் சேர்த்துக் கேட்க நாங்கள் கூசுகிறோம். கொடுக்க வாடிக்கைக்காரர்களும் மறுக்கிறார்கள். அந்தக் கூச்சமும் மறுப்பும் சேர்ந்து விதித்த விலைதான் அந்தப் பூக்காரர் இழந்த இரண்டு நாட்கள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கழுவாத என்ஜினைப் பார்த்துக் காரணம் சொல்லாதீர்கள். ஈரத்தின் உச்சியைக் காணும் வரையில் ஸ்பேனரைத் தொடாதீர்கள். கண்ட பிறகும், அந்த ரப்பர் ஏன் தோற்றது என்று இன்னொரு தரம் கேளுங்கள். வண்டி வைத்திருக்கிற அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை, சமதரையில், என்ஜின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். கசிவென்று மெக்கானிக்கிடம் போனால், மாற்றச் சொல்லுவதற்கு முன், “எங்கிருந்து வருகிறதென்று எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள்.