ஒரு புள்ளி, இரு புள்ளி

பிரேசர் டவுனில், மசூதிச் சாலையை அடுத்த சந்தொன்றில், 1967-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. கார் ஒன்று எட்டாண்டுகளாய்த் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இங்கிலாந்தில் அபிங்டன் ஆலையில் பிறந்த பந்தய வடிவ வண்டி. அவ்வாலையே 1980-இல் மூடப்பட்டது. உரிமையாளர் நம் அண்டை வீட்டுப் பெரியவர். அவ்வண்டியைப் பேணிவந்தவர் பட்டறைத் தொழிலாளியான நம் தந்தையார். நம் கையில் அவர் ஒருநாளும் ஸ்பேனரைக் கொடுத்ததில்லை. "நீ படி, போதும்" என்பார். அவ்வண்ணமே பி.ஏ. தேறி மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தரானோம். அவர் மறைந்தபின் வண்டியை எவரும் தொடவில்லை.

சென்ற ஆண்டு பெரியவர், "தம்பி, உங்கப்பா இருந்திருந்தால் இது இப்படிக் கிடக்குமா?" என்றார். மறுக்க நாவெழவில்லை.

எஞ்சின் ஒருவாறு உயிர்பெற்றது. பிரேக்கோ அசையவில்லை. இவ்வண்டிக்குப் பின்னால் டிரம், முன்னால் டிஸ்க். சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் இரும்புக் கிடுக்கியே கேலிப்பர். 1953-இல் லெமான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றதில் இவ்வகை பிரேக்குக்குப் பெரும்பங்கு உண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. எட்டு மழைக்காலத்து ஈரம் உள்ளே சென்று பிஸ்டன்களைத் துருவால் பூட்டிவிட்டது.

பஞ்சர் கடைக் காற்றைச் செலுத்தி, எதிரே மரக்கட்டை வைத்து, பிஸ்டன்களை வெளியேற்றினோம். விரல் குறுக்கே இருந்திருப்பின் இக்கட்டுரையை வேறு கையால் எழுத நேர்ந்திருக்கும்! ஜே.சி. சாலையில் கடைகடையாய் ஏறி இறங்கியும் உதிரிப்பாகம் அகப்படாமையால் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். அவற்றுள் நம்மை மயக்கியது ஒரு ரப்பர் வளையம். பெடலை அழுத்தப் பிஸ்டன் முன்னேறுகையில் அது சற்றே முறுகுகிறது. காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னிழுக்கிறது. தனி ஸ்பிரிங் ஏதுமில்லை. பெட்ரோல் பட்டால் அவ்வளையம் ஊதிக் கெடும் என்பதால் பிரேக் ஆயிலையே தடவிப் பொருத்தினோம்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்க்கையில், ஒரு கேலிப்பரில் ஒன்றும் மற்றொன்றில் இரண்டுமாக, உளியால் குத்திய சிறு புள்ளிகள் தென்பட்டன. அரிப்பென்று எண்ணி அவற்றின்மீதே வெப்பம் தாங்கும் வெள்ளி வண்ணத்தை இருமுறை பூசினோம். பெரியவரின் பேரன் சிவப்பு வேண்டுமென்றான், இணங்கவில்லை.

பூட்டியபின், குழாயிலுள்ள காற்றை எடுக்கும் வேலை. ஒரு ஞாயிறு முழுதும் பேரன் பெடலை மிதிக்க, நாம் திருகைத் திறந்து மூடினோம். பெடல் பஞ்சாகவே இருந்தது. அன்றிரவு உறக்கமில்லை. எண்பது வயதை எட்டிய மனிதர் இதை நம்பியன்றோ ஏறி அமரப் போகிறார்!

விடியலில் டார்ச் விளக்குடன் குனிந்தபோதுதான் கண்டோம்: காற்றை வெளியேற்றும் திருகு மேலே இருப்பதற்கு மாறாக, கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று மேலேயன்றோ தங்கும்? இடதை வலதாக மாற்றிப் பூட்டியிருந்தோம். வெள்ளிப் பூச்சினடியில் மங்கலாய்த் தெரிந்தன அப்புள்ளிகள். இடப்புறத்தில் இரண்டு, வலப்புறத்தில் ஒன்று.

அலுவலகத்திற்கு விடுப்புச் சொல்லி, கழற்றி மாற்றினோம். பெடல் கல்லாய் நின்றது. மாலையில் கோல்ஸ் பூங்காவைச் சுற்றி மெல்ல ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்தபின்னரே பெரியவரிடம் சாவியைத் தந்தோம்.

அவர் புறப்படுமுன், பேனாக்கத்தியால் அப்புள்ளிகள்மேல் படிந்த வண்ணத்தை மட்டும் சுரண்டிவிட்டோம்.