குழந்தையும் நிழற்படமும்

திருவிழா நாளிலும் பிறந்த நாளிலும் இல்லந்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. புத்தாடை உடுத்த குழந்தையை முற்றத்தின் நடுவே நிறுத்துகின்றனர். நேரமோ நண்பகல். தந்தை நின்றபடியே கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார். “இங்கே பார், சிரி” என்று தாய் ஒருபுறமும் பாட்டி மறுபுறமும் குரல் கொடுக்கின்றனர். எவரைப் பார்ப்பது என்று அறியாத குழந்தை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. பின்னர் அப்படத்தைக் காண்போர், “நேரில் எவ்வளவு அழகு! படத்தில் அவ்வாறு இல்லையே” என்று குறைபட்டுக்கொள்வர். குறை குழந்தையிடத்தும் இல்லை, கருவியிடத்தும் இல்லை.

முதற்பிழை வேளையைப் பற்றியது. உச்சிவெயில் தலைக்கு நேர் மேலிருந்து விழுகிறது. அதனால் நெற்றியும் மூக்கு நுனியும் பளிச்சிடும். புருவத்தின் நிழலோ கண்குழிகளில் கருமையாய்த் தங்கிவிடும். குழந்தை முகத்தின் உயிர் கண்ணில் அன்றோ இருக்கிறது? கதிரவனை எதிர்நோக்கி நிறுத்தினால் கூச்சத்தால் அக்கண்ணும் மூடிக்கொள்ளும். ஞாயிறு எழுந்தபின் இரண்டு நாழிகையும், மறைவதற்கு முன் இரண்டு நாழிகையுமே இப்பணிக்கு நல்ல பொழுதுகள். அப்போது ஒளி சாய்ந்து வருகிறது. காற்றுவெளியில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் அதன் நீலக் கூறு சிதறிப்போய்ப் பொன்னிறம் மிஞ்சுகிறது. கடுமையும் தணிந்துவிடுகிறது.

வேளை வாய்க்காவிடின் நிழலை நாடலாம். ஆனால் எல்லா நிழலும் ஒன்றல்ல. வேம்பின் நிழல் உடலுக்கு இனிது, படத்திற்கு அன்று. இலைகளின் இடையே நுழையும் வெயில் குழந்தையின் கன்னத்தில் புள்ளி புள்ளியாய் விழுந்து, அம்மை கண்ட முகம் போலத் தோற்றுவிக்கும். மாவின் அடர்ந்த நிழல் நல்லது. அதனினும் நல்லது வீட்டுத் திண்ணையின் ஓரம். அங்குக் குழந்தை வெளிப்புறம் நோக்கி அமர்ந்தால், வெயில் படாது வானொளி மட்டும் முகம் முழுதும் பரவும். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று இருக்குமாயின், அது வெயிலை வாங்கி மென்மையாக்கிக் குழந்தையின் முகத்திற்கு அனுப்பிவைக்கும். செலவில்லாத விளக்கு அது.

அடுத்த பிழை உயரத்தைப் பற்றியது. நின்றவாறே குனிந்து எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் அமையும். வளர்ந்தவர் பார்வையில் குழந்தை எவ்வளவு சிறியது என்பதை மட்டுமே அப்படம் சொல்லும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இப்பிழை செய்தாரல்லர். செங்கீரைப் பருவத்துக் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும். அதனைப் பாட முற்பட்ட முதற்புலவர் தரையில் அமர்ந்து பார்த்திராமல் பாடியிருக்க முடியுமா என்பது ஐயமே. படம் எடுப்பவரும் முழந்தாளிட வேண்டும். வேண்டுமாயின் மண்ணில் படுக்கவும் வேண்டும். வேட்டி அழுக்காகும் என்று அஞ்சுபவர் மலையைப் படம் எடுக்கலாம்.

இம்முறையால் ஒரு நாட்டின் உள்ளத்தையே அசைத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க நாட்டில் 1874-இல் பிறந்த லூயிஸ் ஹைன் என்பார் நியூயார்க்கு நகரில் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். அக்காலத்தில் அந்நாட்டின் பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் சிறுவர் சிறுமியர் நாள் முழுதும் உழைத்தனர். 1908-இல் ஹைன் ஆசிரியப் பணியை விடுத்து, குழந்தைத் தொழிலை ஒழிக்க முயன்ற ஒரு குழுவிற்காகப் படம் எடுக்கத் தொடங்கினார். கண்ணாடித் தகடு செருகும் கனத்த பெட்டிக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஆலை முதலாளிகள் அவரை உள்ளே விடுவரோ? சில இடங்களில் எந்திரங்களைப் படம் எடுக்க வந்தவராகவும், சில இடங்களில் விவிலியம் விற்பவராகவும் நடித்து நுழைந்தார். குழந்தையின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு கணித்தார். பெயரையும் வயதையும் பைக்குள் கைவிட்டு மறைவாகக் குறித்துக்கொண்டார். இருண்ட ஆலைக்குள் படம் எடுக்க மக்னீசியத் தூளைக் கொளுத்த வேண்டும். குபீரென்று புகை எழும். ‘புகைப்படம்’ என்னும் சொல்லைக் குறைகூறும் தமிழர் உண்டு. ஹைன் அவர்களோடு சேர்ந்திருக்கமாட்டார்!

உள்ளே நுழைய இயலாதபோது ஆலை வாயிலில் காத்திருந்து, வெளியே வரும் குழந்தைகளைத் திறந்த வெளியில் படம் எடுத்தார். கருவியைக் குழந்தையின் கண்மட்டத்திற்கு இறக்கினார். அழச் சொல்லவில்லை, சிரிக்கவும் சொல்லவில்லை. இரங்கத்தக்க பொருளாக அன்றி, ஒரு முழு மனிதனை எதிர்கொள்வதுபோல எதிர்கொண்டார்.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்சி என்னும் கடற்கரை ஊரில் அவர் எடுத்த படம் ஒன்று எண்ணத்தக்கது. மானுவல் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் நிற்கிறான். இறால் உரிப்பது அவன் தொழில். முந்திய ஆண்டும் அவன் வேலை செய்தான் என்றும், அவனுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது என்றும் ஹைன் குறித்துள்ளார். அவன் பின்னே சிப்பி ஓடுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. படத்தின் பின்னணி வெறுமையாய் இருத்தல் வேண்டும் என்று கற்பிப்பது வழக்கம். பெரும்பாலும் அது சரியே. குழந்தையின் தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆயினும் இப்படத்திலிருந்து அச்சிப்பிக் குவியலை நீக்கிவிட்டால் ஒரு சிறுவன் மட்டுமே எஞ்சுவான்; அவன் கதை போய்விடும்.

இத்தகைய படங்கள் சுவரொட்டிகளிலும் இதழ்களிலும் வெளிவந்தன. 1916-இல் பிறந்த சட்டம் ஒன்றை 1918-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1938-இல் இயற்றிய சட்டமே பதினாறு வயது நிரம்பாதோரை ஆலை, சுரங்க வேலைகளினின்று விலக்கி நிலைபெற்றது. ஈராண்டுகள் கழிந்து, 1940-இல், ஹைன் வறுமையில் மறைந்தார். அக்குழுவிற்காக அவர் எடுத்த படங்களுள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவை வாசிங்டன் நகரத்துக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. மானுவலின் படமும் அவற்றுள் ஒன்று. அதனை எடுக்க மக்னீசியத் தூள் தேவைப்படவில்லை. கடற்கரையின் பகலொளியே போதுமானதாயிற்று.